வாசலில் ஒதுங்கி நின்றவர்

எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. விருதுநகரில் என் அறைக்கு வந்தவர்களில் அவரை மட்டும் மறக்க முடியவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். இடது காதிலிருந்து கழுத்து வரை தீத் தழும்பு. எந்த அறைக்குள் வந்தாலும் வாசலின் அகலத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஒரு வருடத்தில் எத்தனை கிலோ குறைய ஆசை என்று கேட்டேன். எல்லாரும் நடக்காத எண்ணைத்தான் சொல்வார்கள்.

"கிலோவெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். கம்பெனில நாங்க வேல பாக்குற ரூம் வாசல்ல நானும் இன்னொரு ஆளும் ஒண்ணா வெளியேறணும். அதுக்கு எம்புட்டுக் குறையணுமோ, அத எழுதிக்கிடுங்க."

எழுதாமல், ஏன் அப்படி என்று கேட்டேன்.

"தீப்பிடிச்சப்ப நாந்தான் முன்னால ஓடுனேன். வாசல் குறுகல், சிக்கிக்கிட்டேன். கூட வேல பாத்த அக்கா எம் முதுகுல கைய வச்சுத் தள்ளுனாக. நான் வெளிய போய் விழுந்தேன். அவுக வரல."

முப்பத்தைந்து கிலோ என்று எழுதினேன். உடம்பு தாங்கும் கணக்கு அதுதான்.

சொன்னபடியே குறைந்தார். ஆலோசனையின் கடைசி நாள் இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். என் அறை வாசலில் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். அவர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"நீங்க முன்னாடி போங்க மேடம்."

நான் முழுதாக வெளியேறும்வரை அவர் காலை எடுத்து வைக்கவில்லை.