பூஜையில் உட்கார்ந்த மூன்று கிட்டார்கள்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சரஸ்வதி பூஜை விடுமுறையில் செய்த பயணம் இது. பழைய விலையுயர்ந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வீடு வீடாக அலையப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் நான் பட்ட எரிச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

அப்போது தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். என்னுடையது உள்ளூர்த் தயாரிப்பு. இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் ஸ்ருதி இறங்கிவிடும். ஒரு கல்யாணக் கச்சேரியில் மூன்றாவது தடவையாக நான் முறுக்காணியைத் திருகியபோது, குழுவை நடத்திய சேகர் அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "விஜயதசமி சாயங்காலம் ரிகர்சல். நல்ல கிட்டாரோட வா. இல்லேன்னா அந்தப் பல்லாவரத்துப் பையனை உட்கார வெச்சிடுவேன்."

சொன்னால் செய்கிற மனிதர். எனக்கு ஆபீஸ் வேலை இருந்தது, சோற்றுக்குக் கவலையில்லை. ஆனால் அந்த ஆபீஸை வாரம் முழுக்கத் தாங்கிக்கொண்டதே ஞாயிற்றுக்கிழமை மேடைக்காகத்தான். அந்த நாற்காலி போனால் நான் வெறும் கிளார்க்.

அன்றைக்கெல்லாம் வெளிநாட்டுக் கிட்டார் என்றால் யாராவது துபாய், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, நாலு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, பீரோ மேல் ஏற்றிவைத்ததுதான். அப்படி விலைக்கு வந்த மூன்றை எங்கள் டிரம்ஸ் பாபு விசாரித்து வைத்திருந்தான். படப்பையில் ஒரு ஜப்பான், கேளம்பாக்கத்தில் கறுப்பு நிற அமெரிக்கன், மாடம்பாக்கத்தில் சிவப்பு அமெரிக்கன். மூன்றையும் ஒரே நாளில் வாசித்துப் பார்த்து ஒன்றை எடுத்துவிடுவது என்று திட்டம்.

பூஜை நாள் காலையில் அம்மா என் கிட்டாருக்குச் சந்தனம் வைத்து, புத்தகங்களோடு உட்கார வைத்துவிட்டாள். மறுநாள் வரை தொடக்கூடாது. கை சும்மா இருக்கிறது, ஆபீஸும் லீவு, கிட்டார் பார்க்க இதைவிட நல்ல நாள் ஏது என்று பாபுவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இதில் உள்ள முட்டாள்தனம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் படப்பை போய்ச் சேரும்வரை உறைக்கவில்லை.

தாம்பரம் மேற்கிலிருந்து படப்பைக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். டிக்கெட் இரண்டு ரூபாய். கூடவே தூக்கிப்போன ஆம்ப்ளிஃபயருக்கும் லக்கேஜ் என்று இரண்டு ரூபாய் வாங்கினார் கண்டக்டர். டிக்கெட் வாங்கியும் அதற்கு உட்கார இடம் கிடையாது, என் மடிதான்.

படப்பைக்காரர் ரைஸ் மில் முதலாளி. மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கிட்டாராம். மில் மோட்டார், தராசு, டிராக்டர் சாவி எல்லாவற்றோடும் அதுவும் வாழையிலைமேல் தயாராக இருந்தது. "இன்னும் பூஜை ஆரம்பிக்கல, சீக்கிரம் வாசிச்சுப் பாருங்க" என்றார். ஐந்து நிமிஷம் கிடைத்தது. கழுத்து வழவழப்பு, விரல் தானாக ஓடியது, ஸ்ருதி அசையவில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் மெலிசு. அடுத்த பாட்டைத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டார்கள். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, தந்திக்குக் கீழே இருக்கும் பிக்கப் மேல் கொழகொழவென்று சந்தனத்தை அப்பினார்.

"ஐயோ, அங்க வேணாங்க! சத்தமே அங்கேர்ந்துதான் வருது!"

"அப்போ முக்கியமான எடம்தானே? அங்கதான் வெக்கணும்" என்று குங்குமமும் வைத்தார்.

"இன்னாடா மச்சான், மத்த ரெண்டு எடத்துலயும் இதே கதைதான் கீதா?" என்றான் பாபு. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பித் தாம்பரம் வந்து, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம். பூஜைக் கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். அங்கே கறுப்புக் கிட்டாரைப் பெட்டியோடு பூஜையில் வைத்து, பெட்டியைத் திறக்காமலேயே மாலை போட்டிருந்தார்கள். "நாளைக்கு வாங்க சார்." உள்ளே இருப்பது கிட்டார்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. "இத்த பாக்கறதுக்கா இம்மாந்தூரம் தூக்கினு வந்தோம்?" என்று பாபு ஆம்ப்ளிஃபயரைத் தொப்பென்று கீழே வைத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் மாடம்பாக்கம். கோயிலைத் தாண்டி ஒரு காலனி வீடு. அந்த வீட்டு அம்மாளின் மகன் அமெரிக்காவில் வேலையாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிட்டாரை விற்றுவிடச் சொல்லிவிட்டானாம். சிவப்புக் கிட்டார் பூஜையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "தப்பா நினைக்காதீங்க தம்பி. காலைல பூஜை எடுத்ததும் வாங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிச்சுப் பாருங்க."

மறுநாள் காலை ஆம்ப்ளிஃபயரோடு மறுபடியும் போனேன். வாங்கிச் செருகி ஒரு தந்தியைத் தட்டினேன். அவ்வளவுதான், ஜப்பான் செத்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம், விட்டபிறகும் நின்று பேசுகிறது. ஒரு பாட்டு முழுக்க வாசித்தேன். நிமிர்ந்தால் அந்த அம்மாள் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர்.

"பூஜையில வெச்சா மறுநாள் எடுத்து வாசிக்கணும்னு சொல்வாங்க. மூணு வருஷமா வெறுமனே தொடைச்சு வெச்சுட்டு இருந்தேன். அப்பல்லாம் இந்தச் சத்தத்துக்காக அவனைத் தினமும் திட்டுவேன் தம்பி." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க, இதை நான் விக்கலை."

எவ்வளவோ கெஞ்சினேன். சாயங்காலம் ரிகர்சல் என்றேன், என் நாற்காலி போய்விடும் என்றேன். ஒரு டம்ளர் காபி கிடைத்தது. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. விற்கவிருந்த கிட்டாரை நானே நன்றாக வாசித்துக் கெடுத்துக்கொண்டேன். கேளம்பாக்கம் போய்வர நேரமில்லை. படப்பைக்கு ஓடி, பிக்கப்பில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு ஜப்பானை வாங்கிக்கொண்டு ரிகர்சலுக்குப் போனேன். அண்ணன் இரண்டு பாட்டு கேட்டார். "ம், உட்காரு" என்றார். நாற்காலி தப்பியது.

நீங்களும் இப்படிக் கிளம்புவதானால் ஆயுத பூஜை, சரஸ்வதி பூஜை நாட்களை விட்டுவிடுங்கள். ஒயரை நீங்களே கொண்டுபோங்கள், யார் வீட்டிலும் இருக்காது. விலை பேசி முன்பணம் கொடுக்கும்வரை சுமாராக வாசியுங்கள். இது ரொம்ப முக்கியம். உங்களுக்குக் கிடைக்காத கிட்டாரை மட்டும் தொட்டே பார்க்காதீர்கள்.

நான் கிளம்பும்போது அந்த அம்மாள், "அடுத்த வருஷமும் வந்து எடுத்து வாசிங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். போனேன். அதற்கடுத்த வருஷமும் போனேன். விஜயதசமி காலையில் மாடம்பாக்கத்தில் ஒரு பாட்டு, ஒரு காபி. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்கு என் கிட்டாரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.