என் கணினிக்கு மட்டும் வந்த இணையம்

என் மனைவியின் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டில் படுக்கையில் கிடந்தார். இங்கே ராஜபாளையத்தில் என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து, வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இருவரையும் சேர்த்துவைத்தது சாயங்கால வீடியோ அழைப்பு ஒன்றுதான். இவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள். முடிந்ததும் அவர் இடது கையைத் தூக்குவார். அதுதான் அவருடைய ஆமென். சாதாரண போன் அழைப்பில் அந்தக் கை தெரியாது.

அந்த அழைப்பு போகும் வழி என் பொறுப்பில் இருந்தது. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இணைய நிறுவனம் தந்த பெட்டியிலிருந்தே வைஃபை எடுத்திருக்கலாம். அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, ஒன்றில் இணையத்தை வாங்கி, மற்றதில் தனி வைஃபை பெட்டி ஒன்றை மாட்டி வீட்டுக்குப் பங்கிட்டேன். மனைவியின் போனுக்குப் பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜ் போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். என்னிடம் இருந்தது பட்டன் போன்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் இன்வெர்ட்டரும் தீர்ந்து கணினி அணைந்தது. மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்பியது. சாயங்காலம் அவள் போனில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றன. அழைப்பு மட்டும் போகவில்லை.

“என்னங்க, நெட்டு வரலையே.”

“என் மிஷின்ல ஜோரா வருதே. உன் போன்லதான் கோளாறு.”

போனை அணைத்துப் போட்டேன். பிறகு வைஃபை பெட்டியைக் குறை சொன்னேன். வயரை வெட்டிப் புது முனை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதித்தேன். ஆனால் என் கணினி முன்னால் உட்கார்ந்தே சோதித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் ஒழுங்காக வந்தது. எனவே நான் சரி, வீடுதான் தப்பு.

அக்காவின் மருமகள் கூப்பிட்டாள். “மாமா, சாயங்காலம் ஆனா அத்தை போனையேதான் பாத்துக்கிட்டு இருக்காக. என்ன ஆச்சு?”

“சின்னக் கோளாறும்மா. சரி பண்ணிருவேன்.”

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். “பக்கத்து வீட்டுல அவுக பாஸ்வேர்டைத் தாரேங்காக. செத்த நேரம் பேசிட்டு வச்சிருதேன்.”

“நம்ம வீட்டுல நெட்டு இருக்கையில அடுத்த வீட்டுல கேக்கவா?”

“அப்பம் ஒரு காரு சொல்லுங்க. அரை மணி நேரந்தானே, நேர்லயே பாத்துட்டு வந்துருவோம்.”

“நாளைக்குச் சரியாயிரும்.”

“ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாருக்கு வீட்டுக் கணக்கு உதைக்குதாக்கும்” என்று சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

அந்த ‘நாளைக்கு’ வருவதற்குள் பல நாட்கள் போயின. ஒரு காலையில் மருமகளிடமிருந்து அழைப்பு வந்தது. “அத்தை போயிட்டாக, மாமா.”

உடனே கார் கிடைத்தது. எப்போது கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அங்கே மனைவி வாக்கரை விட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் அழுதபடி சொன்னாள்: “நாங்களும் சங்கீதம் வாசிச்சுப் பாத்தோம், சின்னத்தை. கையைத் தூக்கவே இல்லை.”

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான், கணினி என்ன செய்கிறது என்பதை விட்டு, என்ன செய்யவில்லை என்று பார்த்தேன். ஒரு கார்டில் வருவதை மறு கார்டுக்குக் கடத்து என்று ஓர் ஆணை உண்டு. முதன்முதலில் அமைத்தபோது அதைக் கையால் தட்டச்சு செய்ததோடு சரி. நிரந்தரமாக நிற்கும் இடத்தில் எழுதிவைக்கவில்லை. மின்சாரம் போனபோது அதுவும் போய்விட்டது. இணையம் என் கணினிவரை வந்து அங்கேயே நின்றிருக்கிறது.

அதை மறுபடி தட்டச்சு செய்தேன். அடுத்த அறையில் அவள் போன் மணியடிக்கத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூப்பிட்டு இங்கே வந்துசேராத வீடியோ அழைப்புகளின் அறிவிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“வந்துருச்சு” என்றேன்.

“உங்களுக்குத்தான் எப்பவும் வந்துக்கிட்டு இருந்துச்சே.”

இப்போது எத்தனை மின்தடை வந்தாலும் அந்த ஆணை அழியாது. சாயங்காலமானால் அவள் சங்கீதத்தைச் சத்தமாகவே வாசிக்கிறாள். முடித்துவிட்டுச் சற்று நேரம் எதிரே பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரே நான்தான் இருக்கிறேன். ஆமென் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.