பெல்ட் போட்ட சறுக்குவண்டி

கார்களில் பிள்ளைகளை இருத்தும் சீற்றுகளின் பெல்ட்டைச் சோதிப்பது என் வேலை. கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு சிறிய பட்டறை. பொம்மைப் பிள்ளையைச் சீற்றில் இருத்தி, பெல்ட்டை மாட்டி, இயந்திரத்தில் ஏற்றி உலுக்குவோம். பொம்மை இடம்விட்டு அசைந்தால் அந்தச் சீற் தோல்வி. பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் ஒரு பிள்ளையின் விரலுக்குத் திறந்துகொண்டாலும் தோல்வி. பன்னிரண்டு வருடமாக இதையே செய்கிறேன். உலகத்துப் பிள்ளைகள் எல்லாரையும் எதிலாவது கட்டிவைத்தால்தான் எனக்கு நிம்மதியாக நித்திரை வரும். என் வீட்டில் இருப்பது ஒரேயொரு பிள்ளை. அவளுக்கு எட்டு வயது.

பனிக்காலம் தொடங்கினால் எனக்குப் பயமும் தொடங்கிவிடும். குளிரால் இல்லை, குளிர் எப்போதோ பழகிவிட்டது. மகள் சறுக்கப் போகவேண்டும் என்று கேட்பாளே, அதனால். போன வருடம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க் மேட்டிலிருந்து ஸ்லெட் என்கிற பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் இறங்கியவள், கீழே நின்ற கம்பத்தில் முட்டி முன்பல்லில் பாதியை உடைத்துக்கொண்டு வந்தாள். பல் வைத்தியர் மீதியை ஒட்டிக் கொடுத்தார். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எனக்கு மட்டும் அவள் சிரிக்கும்போதெல்லாம் தெரியும். இனி இந்த வீட்டில் சறுக்குகிற பேச்சே இல்லை என்று சட்டம் போட்டேன்.

சட்டம் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. இந்த வருடம் முதல் பனி கொட்டிய கிழமையே, சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போனவள், அவர்களுடைய உடுப்புக்கூடையின் மூடியில் குந்தியிருந்து வளவுக்குப் பின்னால் இருந்த சரிவில் சறுக்கியிருக்கிறாள். சிநேகிதியின் தாய் சந்தோசமாகப் படம் எடுத்து எனக்கே அனுப்பியிருந்தார். தலையில் ஹெல்மெற்கூட இல்லை. அன்று நான் போட்ட சத்தத்தில் மகள் அழுதாள், பிறகு நானும் அழுதேன். மறித்தால் ஒளித்துச் செய்வாள் என்பது அப்போது விளங்கியது. செய்யத்தான் போகிறாள் என்றால், நான் செய்து கொடுத்த வண்டியில் செய்யட்டும் என்று முடிவெடுத்தேன்.

கடையில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஸ்லெட் வாங்கி வந்து பேஸ்மெண்டில் வேலையைத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் முழங்கை உயரத்துக்குப் பலகை வைத்து, உள்ளே தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டினேன். தோட்டத்தில் சருகு வாரும் இரும்பு வாரியின் பற்களை வெட்டி இரண்டு பிரேக் செய்தேன், கைக்கு ஒன்றாக. பட்டறையில் சோதனை முடிந்து ஒதுக்கிவைத்த பெல்ட் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தேன். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று, ஐந்தும் நெஞ்சில் ஒரே பக்கிளில் வந்து பூட்டும். எந்தப் பிள்ளையாலும் திறக்க முடியாத பக்கிள். நானே சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டது.

கணவர் படியில் நின்று பார்த்தார். உது ஸ்லெட்டா, இல்லாட்டி விண்வெளிக்குப் போற சாமானோ என்று பகிடி விட்டார். மகள் பகிடி விடவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இதில இருந்து நான் எப்பிடி ஜம்ப் பண்ணுறது?" என்றாள்.

ஜம்ப் பண்ணத் தேவையே வராது, அதற்குத்தான் பெல்ட் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்டவள் அந்த மேட்டில் பலமுறை இறங்கியவள். பதில் சொன்னவள் இருபத்தாறு வயதுவரை பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவள். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

சோதிக்காமல் பிள்ளையை ஏற்ற நான் மடைச்சி இல்லை. பட்டறையில் இருக்கும் பொம்மையை வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை காலை, பார்க்கில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பெரிய மூட்டை சிவப்பரிசியும் அதன்மேல் இரண்டு பை பருப்புமாக மகளின் நிறைக்குச் சரியாக அடுக்கிப் பெல்ட் போட்டேன். உச்சியில் ஹெல்மெற்றையும் வைத்தேன். கணவர் வண்டியின் நெற்றியில் மூன்று குறி திருநீறு பூசி, முன்னால் ஒரு தேசிக்காயும் வைத்தார். புதுக் காருக்குச் செய்ததை இதுக்கும் செய்யத்தானே வேணும் என்றார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தத் தேசிக்காயும் தேவையாகத்தான் இருந்தது.

மூன்று தரம் தள்ளிவிட்டோம். இரண்டு தரம் அரிசி பத்திரமாகக் கீழே போய் நின்றது. மூன்றாம் தரம் வண்டி ஒரு பனிக் குவியலில் ஏறித் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஓடிப்போய் நிமிர்த்திப் பார்த்தால், மூட்டை ஒரு விரல்கூட அசையவில்லை, பருப்புப் பைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் கை தட்டினேன். இன்று அதை நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்று இரவு மழை பெய்து அப்படியே உறைந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் நாங்கள் போனபோது மேடு முழுக்கக் கண்ணாடிபோல மினுங்கியது. திரும்பிவிடுவோமா என்று கேட்டேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். எத்தனை நாள் பொறுத்திருந்தவள். கணவர் கீழே போய் நின்றார், நான் மேலே நின்று பெல்ட்டை மாட்டினேன். வழக்கம்போல இழுத்துப் பார்த்து, இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். இருவருடைய ஸ்லெட்டும் இடப்பக்கத்து மரங்களை நோக்கி இழுபட்டது. இருவரும் பாதி வழியில் கையை விட்டுப் பக்கவாட்டில் உருண்டு பனியில் விழுந்தார்கள். வெறும் ஸ்லெட்டுகள் போய் மரத்தில் மோதின. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். என்ன தாய்தகப்பன், ஒரு பெல்ட்கூட இல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று நான் மனதுக்குள் திட்டினேன். பிறகு என் மகளைத் தள்ளிவிட்டேன்.

வண்டி நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போனது. அவள் பிரேக்கை இழுத்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு பக்கத்துப் பற்கள் பனிக்கட்டியில் கொழுவின, மறுபக்கம் கொழுவவில்லை. வண்டி சுழன்று, பின்பக்கம் முன்னாக மரங்களை நோக்கிப் போனது. அவளுடைய கைகள் நெஞ்சில் இருந்த பக்கிளை இழுப்பதை மேலே நின்று பார்த்தேன். தடித்த கையுறை போட்ட சின்னக் கைகள். அது திறக்காது என்று எனக்கு மட்டும் தெரியும்.

நான் ஓடினேன், விழுந்தேன், மீதித் தூரத்தை இருந்தபடியே சறுக்கினேன். வண்டி மரத்தில் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்ந்து கிடந்தது. கணவர் எனக்கு முன்பே வந்து, அதைப் பிள்ளையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார். அவளுடைய முகம் பனிக்குள் புதைந்திருந்திருக்கிறது. மூக்கிலும் வாயிலும் பனி, கொஞ்சம் இரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் அவள் அழவில்லை. நான் பக்கிளை அமத்தினேன். உள்ளே பனி போய் இறுகியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ பக்கிள் திறக்கிறவள் நான், இது ஒன்று திறக்கவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கிளில் வாயை வைத்து ஊதினேன். ஊதி ஊதி, இரண்டு பெருவிரலாலும் அமத்தினேன். கடைசியில் திறந்தது.

"நான் விழப் பாத்தனான் அம்மா," என்றாள் மகள். "உது என்னை விழ விடேல்லை."

மூக்கில் அடிதான், வேறொன்றும் இல்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கணவர்மேல் பாய்ந்தேன். கீழே நின்றவர் மறித்திருக்கலாம், ஐஸ் என்று தெரிந்தும் பேசாமல் நின்றார், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் அரிசி மூட்டையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அரிசி மூட்டைக்குப் பாஞ்சு இறங்கத் தெரியாது," என்றார். "பிள்ளைக்குத் தெரியும். நீர் அவளை மூட்டையாக் கட்டிப்போட்டீர்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. ஆனால் அவளுடைய கேள்வியை நான் தட்டிக்கழித்தது அவருக்குத் தெரியாது. அதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

அடுத்த இரண்டு கிழமையும் பேஸ்மெண்டில் வண்டியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பெல்ட்டை வெட்டினேன், பலகைகளைக் கழற்றினேன், பிரேக்கை எறிந்தேன். ஓரங்களைத் தணித்து, வெளிப்பக்கம் சரியும்படி சூடாக்கி வளைத்தேன், உடம்பு சாய்ந்தால் தடங்கல் இல்லாமல் உருளட்டும் என்று. பிடிக்க ஒரு தடித்த கயிறு மட்டும் வைத்தேன். வெட்டிய பக்கிளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அது என் கோட் பைக்குள் கிடந்தது.

மகள் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சிப் பார்த்தேன். பயம் பிடித்தால் பிடித்ததாக இருக்கட்டும், இதோடு ஒழிந்தது என்று ஒரு பக்கம் மனம் ஆறுதல்பட்டது. அந்த ஆறுதல் எனக்கே பிடிக்கவில்லை.

"முதல்ல நீங்கள் போங்கோ," என்றாள். "விழுந்து காட்டுங்கோ."

நாற்பத்திநாலு வயதில், மகளின் ஹெல்மெற்றைவிடப் பெரியதொன்றை இரவல் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, நான் அந்த மேட்டில் வண்டியில் ஏறி இருந்தேன். புதுப் பனி விழுந்து மேடு மெத்தென்று இருந்தது. மரங்கள் இல்லாத வலப்பக்கமாகத்தான் இறங்கினோம். பாதியில் நின்று, விழுங்கோ, விழுங்கோ என்று மகள் கத்தினாள். என் கை கயிற்றை விடவில்லை. அடிவரை போய் நின்றேன். இரண்டாம் தரமும் விடவில்லை. மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். தோள் அடிபட்டது, வாய்க்குள் பனி போனது. மகள் ஓடிவந்து, கையை நெஞ்சோடு வைக்கவேண்டும், வெளியே நீட்டக்கூடாது என்று திருத்தினாள். பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு மேலே போனாள். நானும் பின்னால் ஏறினேன்.

அவளே ஏறியிருந்து, அவளே தள்ளிக்கொண்டு போனாள். வண்டி நேராகத்தான் போனது. பாதியில் ஒரு மேடுபள்ளத்தில் தட்டி, ஓரமாக ஆட்கள் குந்தியிருக்கப் போட்டிருந்த வாங்கை நோக்கித் திரும்பியது. நான் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் கயிற்றை விட்டாள். சாய்ந்தாள். ஒரு தரம், இரண்டு தரம் உருண்டு, கையை நெஞ்சோடு வைத்தபடி பனியில் கிடந்தாள். வெறும் வண்டி போய் வாங்கில் மோதிய சத்தம் மேலே வரை கேட்டது.

மகள் எழும்பி, முகத்துப் பனியைத் துடைத்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டவேண்டும். வலது கை கோட் பைக்குள் இருந்தது. அது அந்தப் பக்கிளை முழுப் பலத்தோடும் அமத்திக்கொண்டிருந்தது. பெருவிரலை ஒருபடியாக எடுத்து, வெறுங்கையை வெளியே கொண்டுவந்து அவளுக்கு ஆட்டினேன்.