மத்தியான வெந்நீர்

என் மாமியாருக்கு மூச்சிரைப்பு. அதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். "பனி ஒத்துக்கல" என்பார், மே மாதத்தில்கூட. செகந்திராபாத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முதுகில் குழாயை வைத்துப் பார்த்தவர், இந்த அம்மா மண்ணெண்ணெய்ப் புகை பக்கமே போகக்கூடாது, போனால் ஒரு நாள் போன மூச்சு திரும்பாது என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பஸ்ஸில் வரும்போது, "என்னட்டி சொன்னாரு?" என்று அத்தை கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "அவரு வீட்ல வெந்நி யாரு போடுதாவளாம்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் வெந்நீர் போடுவது அத்தைதான். அப்போது செகந்திராபாத்துக்கு வெளியே, குஷாய்குடாவைத் தாண்டி ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இஞ்சினியர் வேலை. சமையலுக்கு காஸ் வந்துவிட்டது. ஆனால் ஒரே சிலிண்டர். தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதில் குளிக்கிற தண்ணீரை வைப்பது அநியாயம் என்று எல்லோரும் நினைத்தோம். கரண்டையும் நம்ப முடியாது, காலையில் பல்பே அழுது வடியும். ஆகவே குளியலறைக்கு வெளியே, காற்று வராத நடையில், மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ். ஊர் எழுவதற்கு முன் அத்தை எழுந்து அதைப் பற்றவைப்பார். முதலில் தான் குளித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார். குளிக்காதவர் அடுப்பைத் தொடக்கூடாது என்ற விதி திருநெல்வேலியிலிருந்து எங்களோடு ரயிலேறி வந்திருந்தது. நான் குளித்துவிட்டு வரும்போது காபி தயாராக இருக்கும், பாதிச் சமையலும் முடிந்திருக்கும். எனக்கு மிச்சம் காய் நறுக்குவதுதான்.

எனக்கு ஒரு குணம். ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஒரு நாள் மத்தியானம் மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடலாம் என்று, வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயைத் திறந்தேன். கை பொத்துப்போகிற சூட்டில் தண்ணீர் வந்தது. செடியை மறந்துவிட்டேன். வெள்ளைக் குழாயாக இருந்தால் இப்படிச் சுடுமா, குழாய் நீளமாக இருந்தால் எவ்வளவு தண்ணீர் சுடும், மூடி வைத்தால் சூடு நிற்குமா என்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுத் தீர்த்தேன்.

கேட்டது யாரிடம்? இஞ்சினியரிடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு இஞ்சினியரும் மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் வளைந்து வளைந்து போகிற இரும்புக் குழாய், எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட், மேலே ஒரு கண்ணாடி. பெட்டியைவிட உயரத்தில், செங்கல் மேடைமேல் ஒரு பெரிய டிரம். பெட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு குழாய்கள். அதிலிருந்து கீழே குளியலறைக்கு ஒரு குழாய். பம்பு கிடையாது. சுட்ட தண்ணீர் தானாக மேலே ஏறும், பச்சைத் தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் என்றார். நான் நம்பவில்லை. ஒரு கையை மேல் குழாயிலும் ஒரு கையைக் கீழ்க் குழாயிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல் குழாய் மெதுவாகச் சுட ஆரம்பித்தது, கீழ்க் குழாய் அப்படியே குளிர்ந்து கிடந்தது. யாரும் தள்ளாமல் தண்ணீர் நடந்து போகிறது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

சோதனை நாள் வந்தது. கம்பெனி நண்பர்கள் நாலைந்து பேர் மீட்டரும் கிராஃப் தாளுமாக மாடி ஏறினார்கள். நான் வடை சுட்டுக் கொடுத்தேன். காலை பத்து மணியிலிருந்து சூட்டை அளந்து அளந்து புள்ளி வைத்தார்கள். மத்தியானம் கோடு உச்சிக்குப் போனது. பக்கத்து வீட்டு இஞ்சினியர் டிரம்மின் குழாயைத் திறந்து விரலை நீட்டிவிட்டு உதறினார். "சூடண்டி வதினா, செய்யி பெட்டலேரு" என்றார். பாருங்கள் அண்ணி, கை வைக்க முடியாது என்கிறார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அத்தை படிக்குப் படி நின்று, இரைக்க இரைக்க மேலே வந்தார். கிராஃப் தாளைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "மத்தியானம் ரெண்டு மணிக்கு எவம்ல குளிப்பான்?" என்று கேட்டார்.

 அத்தனை பேருக்கும் விடியற்காலையில் குளித்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடித்தே பழக்கம். தண்ணீரை எப்போது சூடாக்கலாம் என்று யோசித்தவர்களுக்கு, எப்போது குளிக்கிறோம் என்பது நினைவுக்கு வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மறுநாள் காலை டிரம்மில் கை விட்டேன், சில்லென்று இருந்தது.

விடுவோமா? கம்பெனிக்குக் கருவிகள் வந்த பெட்டிகளில் கிடந்த தெர்மோகோலைக் கேட்டு வாங்கி வந்து டிரம்மைச் சுற்றிக் கட்டினோம். அதன்மேல் பழைய மெத்தைப் பஞ்சு, அதன்மேல் சாக்கு. காலையில் தண்ணீர் இதமாக வந்தது. நானும் வீட்டுக்காரரும் அதிலேயே குளித்தோம். அத்தை ஒரு விரலை விட்டுப் பார்த்து, "இது வெந்நியாக்கும்? பிள்ளைக்கு மருந்து கலக்குத தண்ணி. விடியக்காலம் இதுல குளிச்சா எனக்கு ஒத்துக்கிடாது" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வுக்குப் பம்பு அடிக்கப் போய்விட்டார்.

டிசம்பரில் ஒரு விடியற்காலை பம்பு அடிக்கும் சத்தம் பாதியில் நின்றது. எழுந்து ஓடினேன். நடையெங்கும் புகை. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை, நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. வீட்டுக்காரர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் வெறுங்காலோடு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். அத்தை பிழைத்தது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, புகை மட்டுமல்ல, விடியற்காலைக் குளிரில் குளியலும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறியபின் குளிக்கலாம். நான் ஸ்டவ்வைத் தூக்கிப் பரணில் போட்டேன். மத்தியானம் டிரம் தண்ணீர் கொதிக்கக் கிடந்தது. பச்சைத் தண்ணீர் கலந்து விளாவிக் கொடுத்தேன். அத்தை குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே தினமும் இப்படியே குளிங்க அத்தை."

"குளிக்கேன். காலைல?"

"காலைல என்ன?"

"குளிக்காம அடுப்பு பக்கம் எப்பிடிப் போவேன்? நீ குளிச்சிட்டு உள்ள போயிருவ. நான் கூடத்துல உக்காந்து காபி எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான" என்றார். குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று கையை வைத்துப் பார்த்தவள், இந்த மனுஷி உயிரைப் பணயம் வைத்து எதற்கு அந்த ஸ்டவ்வை ஏற்றுகிறார் என்று ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. முதலில் குளிப்பவருக்குத்தான் சமையலறை. என் மேல் எனக்கே கோபம் வந்தது. அத்தை மேலும் வந்தது, இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் உள்ள போனா என்ன?" என்றார். ஆண்பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபம்.

மறுநாள் விடியற்காலை எழுந்து, பல் தேய்த்து முகம் கழுவிவிட்டுத் துண்டோடு குளியலறை வாசல்வரை போனேன். கூடத்தில் அத்தை எனக்கு முன்பே எழுந்து, சமையலறை நிலைப்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். கை சும்மா மடியில் கிடந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. துண்டை ஆணியில் மாட்டிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் காஸைப் பற்றவைத்தேன். 

"ஏட்டி, குளிச்சியா?"

"இல்ல அத்தை."

"பொறவு என்ன தைரியத்துல அடுப்பத் தொடுத?"

"மத்தியானம் உங்களுக்கு அப்புறம் நானும் குளிச்சிக்கிடுதேன். பால் வச்சாச்சு. டிகாக்ஷன் உங்க பக்குவம் எனக்கு வராது. வாங்க."

 நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவர் கையை ஊன்றி எழுந்திருப்பது கேட்டது. நிலைப்படியில் வந்து நின்றார். மூச்சுச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், இரைப்பு இல்லை. பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே காஸைக் குறைக்காமல் இருந்தேன்.

"தள்ளுட்டி" என்று சொல்லிக்கொண்டு அத்தை உள்ளே வந்தார்.