முழு வட்டம் தெரிந்தால்தான் வெடி

வடகோடித் தீவான வார்டோவில் நவம்பரில் போன சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். கோட்டைச் சுவரில் நின்று பார்க்க அதன் முழு வட்டமும் தெரிந்தால் பீரங்கி முழங்கும். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. அரை வட்டம், முக்கால் வட்டமெல்லாம் செல்லாது.

மீன் ஆலையில் முள்ளெடுக்கும் குன்வோர் இருபத்தாறு வருடமாக அந்த வெடியைக் காதால் மட்டுமே அறிந்தவள். சூரியன் பதினொரு மணிக்குத் தலைகாட்டிச் சட்டென்று மறைந்துவிடும். ஆலையில் சாப்பாட்டு நேரமோ பதினொன்றரை. இந்த வருடம் பார்த்தே தீருவது என்று மூன்று நாள் விடுப்பு போட்டாள். இரண்டு நாளை மேகம் தின்றது.

மூன்றாம் நாள் சூரியன் வந்தது. அடியில் மட்டும் மெல்லிய மேகக் கோடு. வெடி போடச் சொல்லவேண்டிய கோட்டைத் தளபதி ஆஸ்முண்டுக்குச் சந்தேகம்.

"குன்வோர், மீன்முள்ளு பாத்துப் பழகுன கண்ணு உன்னுது. முழுசா இருக்கா?"

"ஆமான்னு சொல்லு குன்வோர்! எங்களுக்குக் கணக்குப் பரீட்சை!" என்று சுவரோரம் கூடியிருந்த பள்ளிப் பிள்ளைகள் கத்தினார்கள்.

ஆமாம் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. நாளைக்கு வேலை, இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

"இல்ல ஆஸ்முண்ட். அடியில ஒரு விரக்கடை குறையுது."

"உன்ன நம்பினோம் பாரு!" என்று பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனார்கள்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. ஆலையில் குன்வோர் கையுறையைக் கழற்றிவிட்டு மேஸ்திரி ஸ்டெய்னாரிடம் நேராகப் போனாள்.

"இன்னைக்குச் சாப்பாட்ட பதினொன்னுக்கு வையி."

"பதினொன்னுக்கா? எங்கப்பா செத்த அன்னைக்குக்கூட பதினொன்னரைக்குத்தான் சாப்பிட்டேன்!"

"பசிக்குதுப்பா!" என்று பின்னால் ஒரு குரல். "எனக்கும்!" என்று இன்னொன்று. நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்துவிட்டது. ஸ்டெய்னார் முனகிக்கொண்டே இயந்திரத்தை நிறுத்தினான்.

ரப்பர் பூட்ஸும் முடியை மூடிய வலைத்தொப்பியுமாக, ரொட்டியைக் கடித்தபடி கோட்டைக்கு ஓடினார்கள். மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்து நிற்கையில், கடல்மேல் சூரியன் முழு உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஆஸ்முண்ட் யாரையும் கேட்கவில்லை, கையைத் தூக்கினான்.

முதலில் தீ, அப்புறம் வெள்ளைப் புகை, அதற்கும் பிறகே சத்தம் நெஞ்சில் இடித்தது. வெடிக்குப் புகை இருக்குமென்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. பிள்ளைகள் கூச்சலோடு சரிவில் உருண்டார்கள்.

"நேரமாச்சு, வாங்க எல்லாரும்!" என்று ஸ்டெய்னார் கூப்பிட்டான்.

குன்வோர் சிரித்தபடி காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று கையை விரித்தாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அப்படியே செய்தார்கள்.