பிரதம விருந்தினரின் எகிப்து

லண்டனில் ஒரு பிள்ளையின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் சலங்கை, பக்கவாத்தியம், பிரதம விருந்தினர் மூன்றும் வேண்டும். முதலிரண்டும் உழைக்கும். மூன்றாவது முன்வரிசையில் இருந்து பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டும். கவுன்சிலில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பாலேந்திரா பல வருடங்களாக அந்த மூன்றாவது.

தாளத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கைவசம் இருந்தது "நடனம் ஒரு தெய்வீகக் கலை" என்று தொடங்கும் ஒரே பேச்சு. ரெய்னர்ஸ் லேன் வீட்டு அலுமாரியில் பொன்னாடைகள் நிரம்பி வழிந்தன. மனைவி சிவனேஸ்வரி அதிலொன்றை இஸ்திரி மேசைக்கு விரித்திருந்தாள்.

பேச்சு சனத்துக்குப் பாடமாகிவிட்டது. சென்ற கோடையில் அழைப்பெல்லாம் விம்பிள்டன் பல்வைத்தியர் ஒருவருக்குப் போயின. இம்முறை வந்தது ஒன்றே ஒன்று, சுவர்ணாவின் மகள் கம்சிகாவின் அரங்கேற்றம். இதையும் கோட்டைவிட்டால் முன்வரிசைக் கதிரை பல்வைத்தியருக்கே என்று நினைத்து பாலேந்திராவுக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே புதுப் பேச்சுக்கு விசயம் தேடி மியூசியத்துக்குப் போனார். எகிப்துப் பகுதியை அவசரமாகச் சுற்றிவிட்டு ஒரு புத்தகத்தோடு திரும்பினார்.

"இஞ்சேரப்பா, அந்தக் காலத்து எகிப்துக்காரர் ஆட்டமில்லாமல் ஒண்டும் செய்யேல்லை. கோயிலில ஆட்டம், விருந்தில ஆட்டம், செத்தவீட்டிலயும் ஆட்டம்."

"செத்தவீட்டை அங்க எடுக்காதேங்கோ. மங்களமான மேடை."

"உனக்கு விளங்காது. இது ஆராய்ச்சி."

முறுக்கு எண்ணெய் படிந்த பக்கங்களோடு பாதிப் புத்தகத்தில் முடிந்த ஆராய்ச்சி. சிவனேஸ்வரி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சுவருக்குச் சொன்னால் எதிரொலியாவது வரும்.

அரங்கேற்றத்தன்று கம்சிகா நன்றாகவே ஆடினாள். தில்லானாவுக்கு முன் பாலேந்திரா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எகிப்தில பிரேதம் கல்லறை வாசலுக்கு வரேக்க, நாணல் முடி வைச்ச ஆட்டக்காரர் எதிரில வந்து ஆடி வரவேற்பினம். இண்டைக்குக் கம்சிகா கைவிரிச்சு எங்கள் எல்லாரையும் வரவேற்றதைப் பார்க்க, எனக்கு அந்தக் காட்சிதான் கண்ணுக்குள்ள வந்தது."

கிழமைக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்றுதான் வெளியே வந்திருந்த சந்திரகுமார் முன்வரிசையிலிருந்து கேட்டார்:

"அப்ப நாங்கள் என்ன, பிரேதமோ?"

பின்வரிசைப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பைப் பாராட்டென்று எடுத்துக்கொண்ட பாலேந்திரா, மம்மி செய்யும் முறைக்குப் போனார். மூளையை மூக்கு வழியாக எடுக்கும் இடத்தில் சனம் விடாமல் கைதட்டத் தொடங்கியது. சுவர்ணா பொன்னாடையைப் போர்த்தவில்லை. சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

காரில் அவர் கேட்டார், "கைதட்டினதைக் கண்டனியே?"

"ஓம். இறங்குங்கோ எண்டு தட்டினது."

அதன்பின் எந்த அரங்கேற்ற அழைப்பும் வரவில்லை. அவர் கைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். ஒரு சனிக்கிழமை அது ஒலித்தது.

"அண்ணை, நான் எட்மண்டன் றூபன். அப்பா மோசம்போய் வாற கிழமை முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு முன்னம் நீங்கள் கொஞ்சம் பேச ஏலுமே? செத்தவீட்டு விசயம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாம்."

பாலேந்திராவின் முகம் மலர்ந்தது. கைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"இஞ்சேரப்பா, அங்கயும் பொன்னாடை போர்த்துவினமோ?"

"படுத்திருந்தால் போர்த்துவினம்," என்றாள் சிவனேஸ்வரி.