கீழத்தெருவும் கோயில் மணியும்

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. காலையில் ஆற்றுப்பாலத்தில் நீர்மட்டம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அலுவலகம் திறந்து இரண்டு வாரிசுச் சான்று மனுக்களுக்கு அறிக்கை எழுதினேன். மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மாலை நான்கு மணிக்கு வெள்ள ஒத்திகை.

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் நான் அப்போது கிராம நிர்வாக அலுவலர். ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் ஏறுவது கீழத்தெருவில். அந்தத் தெருக்காரர்கள் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். அறிவிப்புக்குக் கோயில் மணி. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். மணிக்கு மின்சாரம் வேண்டாம், ஊர் முழுக்கக் கேட்கும். வீடு வீடாகச் சொல்லியும் வைத்தோம்.

சரியாக நான்கு மணிக்கு, மணியடிக்கும் தேவராஜ் அண்ணாச்சி கயிற்றை இழுத்தார். பள்ளிக்கூட வாசலில் நின்ற என்னிடம் ஒருவரும் வந்து சேரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். தெருவே கோயிலுக்குள் இருந்தது. கோயிலோ ஆற்றுப் படித்துறையை ஒட்டி, கீழத்தெருவிலும் தாழ்ந்த இடத்தில். முன் பெஞ்சில் அண்ணாச்சியின் மனைவி செல்லத்தாய் அக்கா. முழங்கால் வலியால் நாலு எட்டு நடக்கவே சிரமப்படுகிறவர்.

"யாருக்கு ஆச்சு? சொல்லும்" என்று கணவரைக் கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல, ஏட்டி. இது வெள்ளத்துக்கு அடிச்ச மணி."

"அப்ப நெசமா வெள்ளம் வந்திருந்தா எனக்குத்தான் மொதல்ல ஆயிருக்கும். மொத ஆளா வந்து உக்காந்திருக்கேம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் நேரமல்லாத நேரத்தில் மணி அடித்தால் அது சாவு மணி. என்ன சொல்லி வைத்திருந்தாலும் கால் கோயிலுக்குத்தான் போகும்.

இனி மணி வேண்டாம் என்று நான் சொன்னதும் அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "எங்க அய்யா இழுத்த கயிறு, சார். ஆபத்துல அடிக்காத மணி எதுக்கு?"

பள்ளிவாசல் செயலாளர் காஜா பாய் ஒத்திகைக்கு உதவ வந்திருந்தார். அவர்தான் வழி சொன்னார்.

"உம்ம மணி நல்லாத்தான் கூப்பிடுது அண்ணாச்சி. கூப்பிடுத எடந்தான் சரியில்ல. எங்க மைக்கு மேட்டுல, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருக்கு, பேட்டரியும் இருக்கு. அங்கன இருந்து கூப்பிட்டா சனம் அங்கன வரும். நீரே பேசும். உம்ம சத்தம் தெரியாத ஆளு உண்டா இங்கன?"

டிசம்பரில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் முற்பகலில், அணையில் கூடுதலாகத் தண்ணீர் திறக்கப்போவதாகத் தாலுகா அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அண்ணாச்சி ஓடிப்போய்ப் பள்ளிவாசல் மைக்கைப் பிடித்தார்.

"கீழத்தெரு ஆளுகளே, தேவராஜ் பேசுதேன். பள்ளிவாசல்லருந்து பேசுதேன். தண்ணி வருது. மணி அடிக்க மாட்டேன், கோயிலுக்குப் போவாதிய. மேல ஏறி வாங்க. ஏட்டி செல்லத்தாயி, நீ நடக்காண்டாம். பாய் லோடு ஆட்டோ அனுப்புதாவ, ஏறிக்கோ."

மழையில் ஏறி வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். செல்லத்தாய் அக்கா மட்டும், "ஊரு பூரா எம் பேரச் சொல்லி மானத்த வாங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினார். இருட்டுவதற்குள் கோயிலுக்குள் பெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழத்தெருவில் ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பள்ளிவாசல் அடுப்பிலிருந்து கஞ்சி வந்தது. ஒரு குவளை எனக்கும் கிடைத்தது. அண்ணாச்சிக்கும் காஜா பாய்க்கும் நான் பட்ட நன்றிக்கடனை எந்த அறிக்கையிலும் எழுத இடமில்லை. இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒத்திகையைப் படம் எடுப்பதற்காக நடத்தாதீர்கள். சனம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அதற்கேற்பத் திட்டத்தை மாற்றுங்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. அண்ணாச்சி மணியடிக்கக் கோயிலுக்குக் கிளம்பினார். அவர் கயிற்றைத் தொடுவதற்கு முன், முதல் வேலையாகக் காஜா பாய் மைக்கில் சொன்னார்:

"இப்ப அண்ணாச்சி மணி அடிக்கப் போறாவ. யாரும் பயப்படாண்டாம். தண்ணி வடிஞ்சிட்டு. பைய எறங்கி வாங்க."